கண்ணாடியைக் கழற்றாதவரை

அம்ப்ரோஸ் கெட்டில் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். நடந்தது அவ்வளவுதான். நாற்பது வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பதக்கம் அந்த நேரத்தில் கைவிட்டுப் போய்விட்டது. அதை வாங்கிக்கொண்டு போனவள் நான். அதனால் எனக்குக் கோபப்பட உரிமை இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உரிமை இல்லாவிட்டாலும் கோபப்படத்தான் போகிறேன்.

சேரிங் கிராஸ் ரயில் நிலையத்துக்கு அடியில், வளைவுக்குள் அடங்கிய ஒரு சின்னக் கடை எங்களுடையது. வாடகை ஆளுக்குப் பாதி. நான் இடதுபக்கம், போர்ப் பதக்கங்கள். அவர் வலதுபக்கம், கடலில் உயிர் காத்தவர்களுக்குத் தரும் பதக்கங்கள். இந்த இரண்டாவது சங்கதியில் லண்டனில் அவரை விஞ்ச ஆள் கிடையாது. அதுவே அவருக்கு வினையாகவும் இருந்தது. ஏலத்தில் அம்ப்ரோஸ் ஒரு பொருளுக்குக் கை தூக்கினால் போதும், அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவன்கூட எழுந்து கை தூக்குவான். “கெட்டில் தும்மினாலே அம்பது பவுண்டு ஏறும்” என்று எங்கள் கூட்டத்தில் லென் ஸ்பர்லிங் சொல்வான். லென் எங்களைப் போல இன்னொரு வியாபாரி, வாய் மட்டும் மூன்று வியாபாரிக்குச் சமம்.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு பெரிய சேகரிப்பாளர் செத்துப்போய், அவருடைய அலமாரி முழுதும் ஏலத்துக்கு வந்தது. அதில் இருநூற்றுப் பதினாலாவது ஏலப் பொருள் ஒரு மீட்புப் படகுப் பதக்கம். விளிம்பில் பொறித்திருந்த பெயர் ஏனோக் வார்டில். யார்க்‌ஷயர் கரையில் ஸ்கார்விக் என்ற மீனவ ஊர்க்காரர். போருக்கு முந்தைய ஒரு குளிர்காலத்தில், பாறையில் மோதிய நார்வே மரக் கப்பலிலிருந்து ஆட்களை இறக்கிக் கொண்டுவந்த ஆறு பேரில் ஒருவர்.

இந்த ஏனோக், அம்ப்ரோஸின் தாயாருடைய இரண்டாவது கணவர். அம்ப்ரோஸை மூன்று வயதிலிருந்து தோளில் தூக்கி வளர்த்தவர். பெயர் வேறு, கெட்டில் வேறு வார்டில் வேறு. அதனால் எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. பத்தொன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய குளிர்காலச் சளியைக்கூடப் பங்கு போட்டுக்கொண்ட எனக்கே தெரியாது. பிறகு தெரிந்துகொண்டதை உங்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன், அவ்வளவுதான். அந்தப் பதக்கம் அவருக்கு எப்படியாவது வேண்டும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஏலத்துக்கு முந்தின நாள் நானாகவே பேச்சுக் கொடுத்தேன். பட்டியலைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

“இந்த ஸ்கார்விக் பதக்கத்தைப் பாத்தீங்களா? உங்க சரக்காச்சே.”

அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. “பாத்தேன். சாதாரணம்தான். பெட்டிகூட இல்ல பாரு.”

“அப்ப கேக்கப் போறதில்லையா?”

“அதுக்குப் போயி யாரு கேப்பா வின்னி?”

இதைச் சொல்லிவிட்டு, எங்கள் மேசை நடுவில் இருந்த நீலப் பெட்டியிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து ரசீதில் குத்தினார். பட்டுத் துணி உள்ளே நைந்துபோன, வட்டமாய்ப் பள்ளம் விழுந்த ஒரு பழைய பெட்டி அது. நான் அந்தக் கடைக்கு வந்த நாளிலிருந்து எங்கள் குண்டூசிகள் அதில்தான் கிடந்தன.

எனக்குள் ஒரு நிம்மதி. ஏனென்றால் அதே பதக்கத்துக்காக ஒருவர் என்னிடம் பொறுப்புக் கொடுத்திருந்தார். ஈஸ்ட்போர்னில் இருக்கும் மிஸ் இம்ரி, ஒரு பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்கார்விக் படகின் ஆறு பதக்கங்களில் ஐந்தை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தார். இது ஆறாவது. “உங்க பார்ட்னர் கேட்டா ஊரே கேக்கும். நீங்க கேளுங்க, அவர்கிட்டகூட மூச்சு விடாதீங்க” என்று தொலைபேசியில் சொன்னார். உச்சவரம்பு இரண்டாயிரத்து நானூறு பவுண்டு. வழக்கம்போல் ஒரு நிபந்தனையும் சேர்த்தார்.

“குடும்பத்துல யாராச்சும் வந்திருந்தா உடனே கையை இறக்கிடணும். வீட்டு மனுஷங்களோட நான் மோத மாட்டேன்.”

இது அவர் ஒருவருடைய பெருந்தன்மை மட்டும் இல்லை. எங்கள் கூட்டத்தில் எழுதப்படாத ஒரு வழக்கம். விலை கேட்க வந்திருப்பவர் பதக்கக்காரனின் சொந்தம் என்று தெரிந்தால் வியாபாரிகள் வாயைத் திறக்கமாட்டார்கள். ஏலத்தன்று காலையிலேயே அப்படி ஒன்று நடந்தது. பேருந்து ஓட்டும் சீருடையோடு ஒரு பெண் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாள். பட்டியலில் ஒரே ஒரு பக்கத்தில் விரலை வைத்துப் பிடித்திருந்தாள்.

“குடும்பம்” என்று லென் கிசுகிசுத்தான். அந்தச் சொல் வரிசை வரிசையாகப் போயிற்று. எல்லாரும் தங்கள் எண் அட்டையை மடியில் குப்புறக் கவிழ்த்தார்கள். அம்ப்ரோஸும் கவிழ்த்தார். மேடையில் ஏலம் விடும் கோர்ட்னி இதெல்லாம் பார்த்துப் பழகிய மனிதர். “நாப்பது பவுண்டு, யாராவது?” என்றார். அந்தப் பெண் கை தூக்கினாள். சுத்தியல் விழுந்தது. முன்னூறுக்குக் குறையாத பதக்கம் அது.

“அவ்வளவுதானா? முடிஞ்சுதா?” என்று அவள் சத்தமாகக் கேட்டுவிட்டாள். மண்டபமே சிரித்தது.

“இப்படியே தருமம் பண்ணிக்கிட்டிருந்தா நாம திருவோட்டோட தெருவுக்குத்தான் போகணும்” என்று லென் முனகினான். ஆனால் போகும்போது அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டவனும் அவன்தான்.

அம்ப்ரோஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதாவது என் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். போடவில்லை. அவர் வேறு வழி செய்து வைத்திருந்தார். கோர்ட்னியைத் தனியாகப் பார்த்து, “அந்த ஸ்கார்விக் பதக்கம் வரும்போது, என் கண்ணாடி மூக்கு மேல இருக்கிற வரைக்கும் நான் கேக்கிறேன்னு வெச்சுக்குங்க. கழட்டினா விட்டுட்டேன்னு அர்த்தம்” என்று பேசி முடித்திருந்தார். எங்கள் தொழிலில் இது புதிதில்லை. ஒருவர் வாயில் பென்சில் வைத்திருப்பார், இன்னொருவர் கால்மேல் கால் போட்டிருப்பார், ஏலம் விடுகிறவருக்கு மட்டும்தான் அதன் அர்த்தம் தெரியும். அம்ப்ரோஸ் யோசித்துத்தான் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்திருப்பார். அது இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று அவருக்குத் தெரியாது. தவறிக்கூடக் கழற்றமாட்டோம் என்று நினைத்திருப்பார்.

இருநூற்றுப் பதினாலு வந்தது. நான் அட்டையைத் தூக்கினேன். “என்கிட்ட ஒருத்தர் இருக்காரு” என்று கோர்ட்னி மேலே ஏற்றினார். வராத யாரோ எழுதிக் கொடுத்த விலை என்று நினைத்தேன். லென் இரண்டு முறை கை தூக்கிப் பார்த்துவிட்டு, “அம்ப்ரோஸே சும்மா உக்காந்திருக்காரு, நமக்கு எதுக்கு” என்று ஒதுங்கிக்கொண்டான். பிறகு நானும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆளும்தான். ஆயிரம். ஆயிரத்தைந்நூறு. இரண்டாயிரம். அந்த ஆள் என் பக்கத்து நாற்காலிக்காரர்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கோர்ட்னி இரண்டாயிரத்து இருநூறு என்றார். நான் இரண்டாயிரத்து நானூறுக்கு அட்டையைத் தூக்கினேன். அதோடு என் எல்லை முடிந்தது. அதற்கு மேல் ஒரே ஒரு படி ஏறியிருந்தால் நான் அட்டையைக் கைப்பைக்குள் போட்டிருப்பேன்.

அடுத்த விலையைச் சொல்வதற்கு முன்னால், வேறு யாரையாவது உள்ளே இழுத்துவிட வேண்டும் என்று கோர்ட்னிக்கு ஆசை. ஏலம் விடுகிறவர்களுக்கு உள்ள வியாதி. பட்டியலில் இருந்த ஒரு வரியை எடுத்து வாய் இனிக்கச் சொன்னார்.

“பெரியவங்களே, ஒண்ணு மறந்துடாதீங்க. இந்த ஏனோக் வார்டிலுக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் தெரியாத மனுஷன், இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு அந்தத் தண்ணியில குதிச்சாரு. இதுக்கு மேல விலை இல்லையா?”

என் பக்கத்தில் ஒரு மூச்சு இழுத்த சத்தம் கேட்டது. அம்ப்ரோஸ் கண்ணாடியைக் கழற்றி, கழுத்துத் துணியின் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். குளிருக்குள்ளிருந்து வந்ததால் பனி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். நாங்கள் உள்ளே வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கோர்ட்னி எங்கள் பக்கம் பார்த்தார். சற்றுத் தாமதித்தார். “ஒரு தரம்” என்றார். “ரெண்டு தரம்.” அம்ப்ரோஸ் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார், ஒரு வில்லையை முடித்து அடுத்ததை. சுத்தியல் விழுந்தது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேடையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் கை தூக்கி “நான் இன்னும் விடலை” என்று சொல்லியிருந்தால் கோர்ட்னி மறுபடி திறந்திருப்பார். சொன்னால் இத்தனை பேர் நடுவில் ஏன் ஒளிந்து கேட்டாய் என்ற கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டார். நானோ ஒரு முட்டாள்போல அவர் முழங்காலில் தட்டி, “கிடைச்சிடுச்சு!” என்றேன்.

“நல்லது வின்னி” என்றார்.

மத்தியானம் கீழ்த்தளத்தில் தேநீருக்கு இறங்கினோம். அம்ப்ரோஸ் தட்டில் இருந்த பன்னைத் தொடவில்லை. வெண்ணெய் தடவிய பன்னை விட்டுவைக்கிற மனிதர் இல்லை அவர்.

“என்ன, பன்னையும் ஏலத்துல விடப் போறீங்களா?” என்று சீண்டினேன்.

அப்போது கோர்ட்னி கோப்பையோடு எங்கள் மேசையைத் தாண்டிப் போனார். நின்று குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார். “கெட்டில், கண்ணாடியைக் கழட்டிட்டீங்களே. ரெண்டாயிரத்து நானூறுக்கே பயந்துட்டீங்களா?”

“ஆமா, போதும்னு தோணுச்சு” என்றார் அம்ப்ரோஸ்.

கோர்ட்னி போனதும் நான் அவரை விடவில்லை. பிடித்து உலுக்காத குறை. அவர் பன்னைப் பார்த்தபடியே சொன்னார்.

“அவருதான் என்னை வளத்தாரு. பேரு சொல்லித்தான் கூப்பிடுவேன், ஏனோக்னு. அப்பான்னு ஒரு நாளும் வாயில வரல. அவருக்கு வேற பிள்ளை இல்ல. இருபத்துமூணு வயசுல நான் லண்டனுக்கு வரும்போது அந்தப் பதக்கத்தைப் பெட்டியோட என் பையில வெச்சாரு. ‘உனக்குத்தான்’னாரு. ரெண்டு மாசத்துல வித்துட்டேன். அந்தக் காசுலதான் முதல் சரக்கு எடுத்தேன்.”

“வறுமை. யாரு செய்யல?”

“வாங்கினவன் கேட்டான், ‘உங்க குடும்பத்துதா?’ன்னு. ஆமான்னா கஷ்டத்துல விக்கிறான்னு விலையைக் குறைப்பான்னு நெனச்சேன். ‘இல்ல, எங்கயோ கிடைச்சது’ன்னேன்.” பன் தட்டைத் தள்ளிவைத்தார். “ஒரு வருஷம் கழிச்சு ஏனோக் என்னைப் பாக்க வந்தாரு. சந்தையில நான் கடை போட்டிருந்தேன். அந்தப் பெட்டியில குண்டூசி கிடந்துது. பாத்தாரு. ‘வியாபாரம் எப்படிப் போவுது?’ன்னு மட்டும் கேட்டாரு. ஊருக்குப் போற வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல.”

எனக்கு அந்த நீலப் பெட்டி ஞாபகம் வந்தது. எத்தனை ஊசி எடுத்திருப்பேன் அதிலிருந்து! எனக்குக் கோபம்தான் வந்தது.

“ஏன்யா மனுஷா, காலையில அந்த பஸ்காரப் பொண்ணுக்கு மொத்தக் கூட்டமும் அட்டையைக் கவுத்துச்சே, பாத்தீங்கல்ல? ‘எங்க அப்பா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாப்பது பவுண்டுக்கு வந்திருக்குமே! நான் கவுத்திருப்பேனே! வாங்கச் சொன்னவங்களே குடும்பம்னா விட்டுடுன்னுதான் சொன்னாங்க. இப்பவே போன் போடறேன்.”

“போடாதே.” என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அதுவரை அவர் என்னைத் தொட்டதே இல்லை. “குடும்பம்னு சொன்னா, எப்படி வெளிய போச்சுன்னு கேப்பாங்க. வித்தவன் எந்த மூஞ்சியோட மகன்னு சொல்றது? நீ சொல்லமாட்டேன்னு வாக்குக் குடு.”

கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் அவரை அங்கே அழைத்துப் போகமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. மிஸ் இம்ரியிடம் பதக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, “ஒரு தடவையாச்சும் கையில வெச்சுப் பாருங்க, வாங்க” என்று கூப்பிட்டேன். நேரில் பார்த்தால் வாய் தானாகத் திறந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவரும் மறுக்கவில்லை. புறப்படும் காலையில் மேசை மேல் குண்டூசிகள் ஒரு சாஸரில் கிடந்தன. நீலப் பெட்டியைக் காணோம்.

மிஸ் இம்ரியின் வீடு கடலைப் பார்த்தது. அம்ப்ரோஸ் கெட்டிலே வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து அந்த அம்மாள் பூரித்துப்போனார். கேக் வெட்டினார், தேநீரை இரண்டு முறை ஊற்றினார். பிறகு ஒரு தட்டை இழுத்து வைத்தார். கரும்பச்சை வெல்வெட்டில் ஆறு பள்ளங்கள், ஐந்தில் பதக்கங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறிய அட்டை, பள்ளிக்கூடக் கையெழுத்தில்.

“நீங்களே வைங்க மிஸ்டர் கெட்டில். உங்க கையால வெச்சா அதுக்கே கௌரவம்.”

அம்ப்ரோஸ் பதக்கத்தை வாங்கினார். விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றித் தடவினார். எழுத்தைப் படிக்க அவருக்குக் கண் தேவைப்படவில்லை. வைக்க மனமில்லாமல் சிறிது நேரம் பிடித்திருந்தார். பிறகு ஆறாவது பள்ளத்தில் வைத்தார்.

“இவரைப் பத்தி உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?” என்று மிஸ் இம்ரி கேட்டார்.

“கொஞ்சம் கேள்விப்பட்டிருக்கேன். இடது காது சரியாக் கேக்காது. ஆப்பிளைத் தோலோட, கொட்டையோட, காம்பு மட்டும் விட்டுட்டுத் தின்னுடுவாரு. அந்தப் பதக்கத்தைப் பத்தி யாராச்சும் கேட்டா, கயித்தைப் புடிச்சிருந்தவனுக்குத்தான் கொடுத்திருக்கணும்னு சொல்வாரு.”

“அடேயப்பா! இவ்வளவும் யாரு சொன்னாங்க?”

சொல்லு, சொல்லித்தொலை என்று மனசுக்குள் கத்தினேன்.

“அந்த ஊர்ப் பக்கம் போயிருந்தப்ப யாரோ சொன்னாங்க” என்றார் அம்ப்ரோஸ். கோட்டுப் பையிலிருந்து நீலப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். “இதோட பெட்டி இது. இதுகூடவே இருக்கட்டும்.”

மிஸ் இம்ரி திறந்து பார்த்தார். பதக்கத்தை எடுத்து அந்தப் பள்ளத்தில் பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. “இது எப்படி உங்ககிட்ட!”

“கடையில கிடந்துது.”

அந்த அம்மாளுக்கு மகிழ்ச்சியில் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்கு. அப்போதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. மிஸ் இம்ரி ஆறாவது அட்டையை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினார். மற்ற ஐந்தும் மையில் எழுதியவை, இது மட்டும் பென்சில்.

“உறுதியாத் தெரியாததை நான் மையில எழுதறதில்ல. நீங்க படிச்சுப் பாத்து சரின்னு சொன்னா எழுதிடறேன்.”

நான் எட்டிப் பார்த்தேன். ஏனோக் வார்டில், ஸ்கார்விக், மீனவர். பிறந்த வருஷம், இறந்த வருஷம். கடைசி வரியில், ‘மணமானவர். பிள்ளைகள் இல்லை.’

அம்ப்ரோஸ் வெகுநேரம் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார்.

“சரியாத்தான் இருக்கு” என்றார்.

மிஸ் இம்ரி பேனாவைத் திறந்து, பென்சில் எழுத்தின் மேலேயே ஒவ்வொன்றாக எழுதி முடித்தார்.

திரும்பும் ரயிலில் எனக்கும் அவருக்கும் நடுவில் மிஸ் இம்ரி கட்டிக் கொடுத்த கேக் பொட்டலம் இருந்தது. லூயிஸ் ஸ்டேஷன் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

“அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பிப் போயிடலாம். அந்த மை இன்னும் காஞ்சிருக்காது. அவங்க நல்லவங்க. ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“நான் சரின்னு சொன்னதாலதான் எழுதினாங்க வின்னி.”

“அதுதான்யா கேக்கிறேன், ஏன் சொன்னீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஆட்டுமந்தைகளும் ஈரமான வயல்களும் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணாடியைக் கழற்றி மடக்கிச் சட்டைப்பையில் வைத்தார். லண்டன் விக்டோரியா ஸ்டேஷன் வரும்வரை அதைத் திரும்பப் போடவில்லை. இறங்கும்போது படி தெரியாமல் தடுமாறினார், நான்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.